வெயில் பலகையை மூடி வைத்த கார்த்திகை

தீவு முகாம்களுக்கும் வயர்லெஸ் வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களுக்கு,

இதை எழுத வேண்டும் என்று பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். நினைப்பதோடு சரி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். மைக்கைப் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா சொன்னபடி கேட்பதில்லை. அதுகூடப் பெரிய காரணம் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம், என்னோடு முகாமில் இருந்த லாசர் அண்ணனின் முனகல் காதில் விழும். எழுந்து போய், மாதா படத்துக்கு முன்னால் ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவேன். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. போன மாதம் என் வீட்டுக்காரிதான், "நீங்க எழுதாமப் போயிட்டியன்னா, அந்தப் புதுப் பிள்ளைகளுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டாள். எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. தூத்துக்குடிக்கு வெளியே கடலில் ஒரு சின்னத் தீவு. குடிநீர் கிடையாது, குடியிருப்பும் கிடையாது. உடைமரமும் மணலும்தான். அதைச் சுற்றிக் கடலடியில் சிப்பிப் பார்கள் உண்டு. பார் என்றால் முத்துச் சிப்பி ஒட்டிக் கிடக்கும் பாறைத் திட்டு. யாரும் களவாகச் சிப்பி அள்ளாமல் பார்த்துக்கொள்வதும், கடல் நிலவரத்தைக் கரைக்குச் சொல்வதும் எங்கள் முகாமின் வேலை.

மூன்று பேர் இருந்தோம். நான் வயர்லெஸ். லாசர் அண்ணன் சங்கு குளித்து வளர்ந்தவர், எங்களுக்கெல்லாம் மூத்தவர்; பார்களின் காவல் அவருடையது. அவர் மகன் சூசைதான் எங்களுக்குத் தண்ணீரும் அரிசியும் கொண்டுவரும் லாஞ்சின் தண்டல், அதாவது சுக்கான் பிடித்து ஓட்டுகிறவன். மூன்றாவது ஆள் பொன்பாண்டி. சமையல் அவன் பொறுப்பு, காவலுக்கும் வருவான். ஆத்தூர்ப் பக்கத்து உப்பளக் குடும்பம். நாங்கள் இரண்டு பேரும் செபமாலை சொல்ல உட்கார்ந்தால், அவன் தன் பாட்டுக்குத் திருச்செந்தூர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "உங்க ஆளு கேக்கலன்னா எங்க ஆளு கேப்பாரு, அண்ணாச்சி" என்பான்.

அந்த வருஷம் சித்திரையில் முகாமுக்குச் சூரிய சக்திப் பலகை ஒன்று வந்தது. அதுவரை அப்படி ஒன்றை நாங்கள் கண்டதில்லை. கூரைமேல் இரும்புச் சட்டம் அடித்து அதைப் பொருத்தினார்கள். அதிலிருந்து பாட்டரிக்கு மின்சாரம் ஏறும். பாட்டரியிலிருந்து வயர்லெஸ் ஓடும். நாங்கள் அதற்கு 'வெயில் பலகை' என்று பெயர் வைத்தோம். இனி எதற்கு டீசல் என்று பழைய எஞ்சினைக் கரைக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். "தூத்துக்குடியில வெயிலுக்கா பஞ்சம்?" என்று வந்திருந்த அதிகாரி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அந்தக் கோடை முழுக்க ராஜ வாழ்க்கைதான். வயர்லெஸ் பேசியது போக ஒரு விளக்கு எரியும், ரேடியோவில் பாட்டுக் கேட்போம்.

ஐப்பசி பிறந்து முதல் கருமேகம் வந்ததும் பொன்பாண்டி தார்ப்பாயை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறினான். அவன் வேலையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பலகையை நன்றாக மூடி, நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினான்.

"மழையில உப்பு அம்பாரத்த எவனாவது தெறந்து போடுவானா அண்ணாச்சி? இது அதவிட வெலகூடின சாமான்லா" என்றான்.

அதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பொருத்திய இன்ஜினியர், "பத்திரமாப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் கடற்கரையில் மழைக்காலத்தில் பத்திரம் என்றால் மூடி வைப்பதுதான். உப்பை ஓலையால் மூடுவோம், கருவாட்டைத் தார்ப்பாயால் மூடுவோம். வெயிலே இல்லாதபோது வெயில் பலகை மட்டும் எதற்காக நனைய வேண்டும்? லாசர் அண்ணன், "நல்லாக் கட்டுலே, காத்துல போயிராம" என்று கீழே நின்று சொன்னார். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

கார்த்திகையில் வானம் மூடியது, மூடியபடியே நின்றது. விளக்கை நிறுத்தினோம், ரேடியோவையும் நிறுத்தினோம். அரிக்கேன் வெளிச்சத்தில் கஞ்சி குடித்தோம். பாட்டரி நாளுக்கு நாள் இறங்கியது. வெயில் வரட்டும் என்று காத்திருந்தோம்.

அந்த நாட்களில்தான் லாசர் அண்ணன் கரையோரத் தண்ணீரில் நடக்கும்போது மணலுக்குள் கிடந்த திருக்கையை மிதித்துவிட்டார். அது வாலில் உள்ள விஷ முள்ளால் கெண்டைக்காலில் குத்திவிட்டது. அவரே சுடுதண்ணீரில் காலை வைத்தார், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டார். "இதவிடப் பெரிசெல்லாம் இந்தக் கால் பாத்தாச்சு" என்றார். அவர் சொன்னால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. போர்வையை விலக்கினால் கால் முழங்கால் வரை வீங்கிப் பளபளத்தது. புண்ணிலிருந்து ஒரு சிவப்புக் கோடு தொடை வரை ஏறியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது; பல் கிட்டும்படி நடுக்கம். விஷம் ஏறுகிறது என்று சொல்ல டாக்டர் வேண்டியதில்லை. அன்றோ மறுநாளோ ஆஸ்பத்திரியில் சேர்க்காவிட்டால் அந்த மனிதர் இருக்க மாட்டார். அவ்வளவுதான் விஷயம்.

காலை அழைப்பு நேரத்துக்கு மைக்கை அழுத்தினேன். பாட்டரி மீட்டரின் முள் பொத்தென்று விழுந்தது, செட் செத்துவிட்டது. விட்டதும் உயிர் வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி செத்தது. தம்பிமார்களே, இது உங்களுக்குத் தெரியும்: கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், பேசுவதற்குத்தான் நிறைய வேண்டும். என்னால் கேட்க முடிந்தது. பேச முடியவில்லை.

"தீவு, தீவு, கரை பேசுதேன். கேக்கா? ஓவர்." கரையில் இருந்த ஆபரேட்டர் தங்கராசு. எனக்குப் பழக்கமான பிள்ளை. "அண்ணே, என்ன ஒரு சத்தத்தையும் காணோம்? ஓவர்."

நான் அங்கே உட்கார்ந்து, "தங்கராசு, தங்கராசு" என்று செத்த மைக்கைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு வானிலை வாசித்தான். வங்கக் கடலில் காற்றழுத்தம், துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறியிருக்கிறது, நாளை காற்று பலமாகும் என்றான். அவனுக்குப் பின்னால் நின்ற அதிகாரியின் குரலும் கேட்டது. "சாயந்திரம் வரைக்கும் பேசலன்னா, விடியக்காலம் லாஞ்ச அனுப்பிரு."

"சார், கொடி ஏறியிருக்கே."

"மூணு உசிரு அங்க கெடக்கு. அனுப்பாம எப்படிப்பா?"

அந்த அதிகாரி நல்ல மனிதர். முகாம் சத்தமில்லாமல் போனால் லாஞ்சு போய்ப் பார்க்க வேண்டும் என்பது எங்களைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட ஏற்பாடு. ஆனால் மறுநாள் விடியலில், ஏறி அடிக்கிற வாடைக் காற்றில், பார் நிறைந்த எங்கள் வடக்குத் துறைக்கு லாஞ்சு வந்தால் என்ன ஆகும்? பாறையில் மோதி உடையும். உள்ளே ஒரு மனிதர் விஷம் ஏறிக் கிடக்கிறார். கரையில் லாஞ்சுக்காரர்கள் நாலு பேர் எங்களுக்காகச் சாகத் தயாராகிறார்கள். நானோ வாய் கட்டப்பட்டவனாக உட்கார்ந்திருக்கிறேன்.

செபமாலையை எடுத்தேன். கண்ணை மூடவில்லை, மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். பலகையிலிருந்து பாட்டரிக்கு ஏறுவதைக் காட்ட இன்னொரு சின்ன மீட்டர் உண்டு. ஐப்பசியிலிருந்து அதன் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது. அது அப்போது அசைந்தது. எழுந்தது, விழுந்தது. மறுபடி எழுந்தது.

வெளியே ஓடினேன். காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மழைத் தூறல். வானம் ஈயம்போல் இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை.

"பொன்பாண்டி! உள்ள போயி அந்தச் சின்ன மீட்டரப் பாரு!"

ஏணியில் ஏறித் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, முள்ளு ஏறுது!"

இறக்கினேன்.

"படுத்துட்டு!"

தூக்கினேன்.

"ஏறுது! ஏறுது அண்ணாச்சி!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்து, வானத்தை அண்ணாந்து பார்த்தான். "வெயிலையே காணோமே, பொறவு எங்கனயிருந்து வருது?"

"வெயில் இல்லன்னாலும் வெளிச்சம் இருக்குல்லாடே" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே புரிந்தது. இத்தனை நாளும் ஆண்டவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

கயிற்றை அவிழ்த்தோம். அடுத்த பயம் அங்கே காத்திருந்தது. கடல் காற்றில் இரும்புச் சட்டம் துருப்பிடித்துப் போயிருந்தது. இவ்வளவு நாளும் பலகையைப் பிடித்து வைத்திருந்தது தார்ப்பாயின் கயிறுதான். அதை எடுத்ததும் பலகை காற்றில் கடகடவென்று ஆடியது. மேலே கயிறு போட்டால் வெளிச்சத்தை மறைக்கும். அடியில் கட்ட இடமில்லை. பொன்பாண்டி கூரைமேல் ஏறிப் பலகைக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சட்டத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான்.

"நீரு கீழ போவும் அண்ணாச்சி. நான் பிடிச்சிக்கிடுதேன்."

மேலே படிந்திருந்த உப்பை மழைத் தண்ணீராலும் என் வேட்டி முனையாலும் துடைத்துவிட்டு இறங்கினேன். கொடி ஏறிய நாட்களில் நண்பகலிலும் ஒரு அழைப்பு உண்டு. அதுவரை பாட்டரியில் சேருவது சேரட்டும் என்று கேட்கும் செட்டையும் அணைத்தேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கரையில் என்ன முடிவு செய்கிறார்கள் என்று தெரியாமல், காதையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கை செட்டின் திருகு வரை போய்ப் போய்த் திரும்பியது.

லாசர் அண்ணனுக்கு அப்போது கொஞ்சம் தெளிவு வந்தது. நடப்பதைச் சொன்னேன்.

"கூப்பிடாத தம்பி."

"அண்ணே..."

"நீ கூப்பிட்டா வாரது யாரு? என் மவன்தான் சுக்கான் பிடிப்பான். இந்தக் கடல்ல அவன வரச் சொல்லாத."

"கூப்பிடாட்டியும் அவன்தான் வருவான். நாளைக்கு வருவான். நாளைக்கு இதவிட மோசம்."

"அப்ப ஒண்ணு செய்யி. எல்லாரும் சொகமா இருக்கோம், ஒருத்தரும் வர வேண்டாம்னு சொல்லிரு. நான் கெழவன். மாதா கூப்பிட்டா போறேன்."

கூரையிலிருந்து பொன்பாண்டியின் குரல் வந்தது. "ஓய் மாமா, பொய் சொல்லுததுக்கும் அதே கரண்டுதாம் செலவாவும்! அதுக்கா நான் இங்கன நனையுதேன்?"

"நீ பொத்திக்கிட்டுப் பலகையப் பிடிலே!" என்றார் லாசர் அண்ணன். அந்தக் காய்ச்சலிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உனக்கும் பிள்ளைக இருக்கு. யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். அந்த ஒரு மணி நேரம்போல் நான் பிறகு எப்போதும் யோசித்ததில்லை. 'சுகம்' என்றால் சூசை பிழைப்பான், அப்பன் போவார். 'வா' என்றால் இரண்டு பேருமே போகலாம். நான் பேசாமல் இருந்தால், அந்தப் பேசாமையே நாளைக்கு லாஞ்சைக் கூட்டி வரும். எதைச் செய்தாலும் ஒருவரின் சாவு என் கையால் நடந்ததாகப் பட்டது. முழங்காலில் நின்று, "ஆண்டவரே, இதை என்கிட்ட விட்டுராதேயும்" என்று அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

எழுந்தபோது ஒன்று தெளிவாயிற்று. முடிவு எடுக்க வேண்டியவன் நான் இல்லை. சுக்கான் பிடிக்கிறவன் எடுக்கட்டும். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மறைக்காமலும் கூட்டாமலும் அவன் காதில் சேர்ப்பதுதான் என் வேலை. அவன் அப்பனைப் பற்றிப் பொய் சொல்லி, அவனுக்காக நான் தீர்மானிக்க எனக்கு உரிமை கிடையாது. வெளியே போய்க் கடலைப் பார்த்தேன். வடக்குத் துறை வெள்ளையாகப் பொங்கியது. தெற்குக் கரை காற்றுக்கு மறைவு. அலை இருந்தது, ஆனால் அன்றைக்கு மட்டும் படகு நிற்கும். வந்து லாசர் அண்ணனிடம் சொன்னேன்: "உள்ளதச் சொல்லப் போறேன் அண்ணே. வாரதும் வராததும் சூசை பாடு." அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சொற்களை எண்ணி எண்ணிக் குறைத்தேன். பெயர் வேண்டாம், ஓவர் வேண்டாம், வணக்கம் வேண்டாம். நண்பகல் அழைப்பு வந்தது. தங்கராசு கூப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து மைக்கை அழுத்தினேன். முள் இறங்கியது. நின்றது.

"லாசருக்குக் கால்ல விஷம். வந்தா இன்னைக்கே. தெற்குக் கரை மட்டும். நாளைக்கு வர வேண்டாம்."

விட்டேன்.

"அண்ணே! கேக்குது! லாசரண்ணனுக்கு விஷம்னது கேட்டுது. பொறவு எரைச்சல். எப்ப, எங்கன? மறுபடி சொல்லுங்க!"

மீட்டரில் மிச்சம் ஒரு மூச்சுக்குத்தான் இருந்தது. "இன்னைக்கு. தெற்கு. நாளைக்கு வேண்டாம்" என்றேன். கடைசிச் சொல்லின்போது முள் படுத்துவிட்டது. கேட்கும் செட்டும் அதோடு அடங்கிவிட்டது.

அவர்களுக்குக் கேட்டதா? தெரியாது. வருவார்களா? அதுவும் தெரியாது. பொன்பாண்டி கூரையிலிருந்து இறங்கினான். விரல்கள் மடங்கியபடியே விறைத்துப்போய் நீட்ட முடியவில்லை. துருவில் உள்ளங்கை கிழிந்து ரத்தம். "பேசிட்டீரா?" என்று மட்டும் கேட்டான். அலமாரிக் கதவைக் கழற்றி அதன்மேல் லாசர் அண்ணனைப் படுக்க வைத்து, தார்ப்பாயால் அவரைப் போர்த்தினோம்.

"வராட்டி என்ன செய்ய அண்ணாச்சி?"

"வராட்டி திரும்பத் தூக்கிட்டு வருவோம்."

ஈர மணலில், உடைமுள்ளுக்கிடையில், தீவின் அந்தப் பக்கம் வரை தூக்கிப் போனோம். வழியெல்லாம் லாசர் அண்ணன் என்னைத் திட்டினார். "எம் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னை விடமாட்டேன் பாத்துக்க." நான் செபமாலையை வாய்விட்டுச் சொன்னேன். திட்டுக்கு நடுவே, பழக்கம் விடாமல், அவரும் பதில் மந்திரம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தெற்குக் கரையில் மழைக்குள் உட்கார்ந்திருந்தோம். ஒளி மங்கத் தொடங்கியபோது பொன்பாண்டிதான் முதலில் எழுந்தான். சாம்பல் நிறக் கடலில் லாஞ்சின் மூக்கு ஏறியது, மறைந்தது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறை மறையும்போதும் லாசர் அண்ணனின் நகம் என் கையில் பதிந்தது. லாஞ்சு தூரத்திலேயே நங்கூரம் போட்டது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வத்தை என்னும் சின்னப் படகைத் தள்ளியபடி சூசையே நெஞ்சளவுத் தண்ணீரில் வந்தான்.

"என்னப்பா, ஒரு திருக்கைக்குப் போயி இந்தப் பாடா? ஊரு சிரிக்கும்" என்றான்.

அவர் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்து, "எதுக்குலே வந்த? எதுக்குலே வந்த?" என்று அழுதார்.

"சாரு உன் இஷ்டம்னுட்டாரு. அதான் வந்தேன்" என்றான் அவன்.

லாசர் அண்ணனை ஏற்றிக்கொண்டு அவர்கள் போனார்கள்; முகாமைக் காக்க நாங்கள் இரண்டு பேரும் தீவிலேயே நின்றோம். அவர்கள் கரை சேர்ந்ததைப் பிறகுதான் அறிந்தோம். மறுநாள் விடிந்தபோது அடித்த காற்றில் தெற்குக் கரையும் பொங்கியது. வடக்குத் துறையில் படகு கட்டும் மரப்பாலம் இருந்த இடமே தெரியவில்லை. லாசர் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். உயிர் தங்கியது. பேரன் பேத்திகளைப் பார்த்தார். பிறகு அவர் சங்கு குளிக்கக் கடலில் இறங்கவே இல்லை. சில காலம் என்னோடு பேசவும் இல்லை. மகனைக் கூப்பிட்டதை அவரால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோவிலில் சிலுவையை முத்தமிட்டுவிட்டு, கட்டையை ஊன்றிக்கொண்டு என்னிடம் வந்து தோளைத் தொட்டார். அவ்வளவுதான்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். நீங்கள் பேசாமல் இருந்தாலும் கரையில் இருப்பவர் எதையாவது செய்வார். உங்கள் மௌனத்துக்கும் பொறுப்பு உங்களுடையது. இருட்டு மாதத்தில் கிடைப்பது கொஞ்சம் என்பதற்காக, அதை வாங்கும் வாயை மூடி வைக்காதீர்கள். கடலுக்குள் இறங்குகிறவனுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு முடிவை அவனிடம் விடுங்கள்.

இனி ஒரு வேண்டுகோள். இந்தக் கதை ஊரில் இரண்டு விதமாக உலவுகிறது. கடற்கரையில், மாதா தொட்டதும் செத்த பாட்டரிக்கு உயிர் வந்தது என்கிறார்கள். அன்றைக்கு எங்களைக் காத்தது மாதாவின் மன்றாட்டுத்தான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் பாட்டரிக்கு மின்சாரம் வந்தது பலகையிலிருந்து. அலுவலகத்திலோ, 'சூரியனுக்குக் குடை பிடித்தவன்' என்று பொன்பாண்டிக்குப் பட்டம் வைத்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தாங்காமல் அவன் வேலையை விட்டு உப்பளத்துக்கே திரும்பிப் போனான்.

நீங்கள் இதை அடுத்தவருக்குச் சொல்லுங்கள், நான் எழுதியபடியே. ஏறி மூடியவன் பொன்பாண்டி என்றால், கயிறு பிடித்தவன் நான், கட்டச் சொன்னவர் லாசர் அண்ணன், திறந்து வைக்கச் சொல்லாமல் போனவர் பொருத்தியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே பொன்பாண்டி அந்தக் கூரைமேல் மழையில் உட்கார்ந்து, கை கிழியப் பலகையைப் பிடித்திருந்ததையும் சொல்லுங்கள். முதல் பாதியைச் சொல்லி ஆள் சிரித்தால், சிரிப்பு அடங்கும்வரை நின்று, இரண்டாம் பாதியைச் சொல்லிவிட்டு வாருங்கள்.